ஐம்பத்தாறு என்கிற ஊர்

தபால்தலையை ஆவியில் காட்டி உறையிலிருந்து பிரித்தெடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். கண்காட்சிகளில் அப்படிப்பட்டவர்கள் என் மேஜைக்கு வந்து, "வெறும் ஸ்டாம்பு இருக்கா மேடம்?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் சேர்ப்பது முழு உறைகள். அதிலும் பட்டாளத்துத் தபால் மட்டும். எல்லையிலிருந்தும், வெளிநாடுகளுக்குப் போன நம் படைகளிடமிருந்தும் வீடு வந்து சேர்ந்த கடிதங்கள். எந்த முகாமில் முத்திரை குத்தினார்கள், எந்த வழியாக வந்தது, எந்த ஊரில் யார் வாங்கினார்கள் என்பதையெல்லாம் உறை சொல்லும். தபால்தலையை மட்டும் கழற்றிவிட்டால் அது வெறும் அச்சடித்த காகிதம். இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம், என் தாய்மாமாவிடமிருந்து என்பேன். அவருக்கு அந்த ஞானம் கொஞ்சமும் கிடையாது என்பதைச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருந்தது. அப்பா மலையிலிருந்து இறங்கும் புளியையும் கடுக்காயையும் கள்ளக்குறிச்சி மண்டிகளுக்கு மாட்டுவண்டியில் ஏற்றிப் போகிறவர். மாடும் வண்டியும் சொந்தம், சரக்கு அடுத்தவருடையது. அப்பாவுக்கு ஒரே தம்பி. அந்தச் சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து, ஒரு லீவில் வந்து நைனார்பாளையத்தில் பெண் எடுத்தார். கல்யாணப் பந்தல் ஓலை காய்வதற்குள் லீவு முடிந்து கிளம்பிப் போய்விட்டார். சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

சித்தி எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருப் பெண்களில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லை. எனக்குத் தலை வாரிவிடும்போது வாய்ப்பாடு கேட்பாள். தப்பாகச் சொன்னால் சீப்பாலேயே நடுமண்டையில் ஒரு தட்டு. "இன்னாடி இது, ஏழெட்டு இன்னான்னு கூடத் தெரியலியா?" என்பாள். அடி வாங்கிக்கொண்டே நான் அவள் மடியில் சாய்ந்துகொள்வேன். அம்மாவுக்கு என்னைக் கொஞ்ச நேரம் இருந்ததே இல்லை. அதனால் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்ததே எனக்காகத்தான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

சித்தப்பாவின் கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும். அண்ணன் சத்தமாக வாசிப்பான். அண்ணன் கள்ளக்குறிச்சி ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். வடக்கே நான் நலம், அங்கே அண்ணன் அண்ணி பிள்ளைகள் நலமறிய ஆவல், குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து அழைத்துப் போகிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதமும் இதுதான். அந்தக் கடைசி வரி வரும்போது அம்மா சித்தியைப் பார்ப்பாள். சித்தி அடுப்பைப் பார்ப்பாள்.

பதில் எழுத வேண்டிய விலாசத்தில் சித்தப்பாவின் நம்பர், பேர், பட்டாளத்தின் பேர் எல்லாம் போட்டு, முடிவில் ராணுவத் தபால் நிலையத்தைக் குறிக்கிற ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்று எழுத வேண்டும். படை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக எல்லாச் சிப்பாய்களின் தபாலையும் ஒரே எண்ணுக்கு வரவழைத்து, அங்கிருந்து பிரித்து அனுப்புவது ராணுவத்தின் ஏற்பாடு. எங்கள் வீட்டில் அது ஒரு ஊர். "ஐம்பத்தாறுல மழையாம்," என்று அப்பா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். ஐம்பத்தாறில் அரிசி கிடைக்குமா, அங்கே மாரியம்மன் கோவில் இருக்குமா என்றெல்லாம் அம்மா விசாரிப்பாள். டில்லிக்குப் பக்கத்தில் அது இருப்பதாக நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை.

வாசித்து முடித்த கடிதத்தை உறையோடு சேர்த்து, உத்தரத்தில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதமும் அந்தக் கம்பியில்தான் இருக்கும். சித்தப்பாவின் உறைகளை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். தலையில் இந்தியா படம் போட்டிருக்கும். சிவப்பில் சில, சாம்பலில் சில. அந்தப் படத்தின் மேல் கறுப்பு மையில் மூன்று வரி இந்தி எழுத்து அச்சடித்திருக்கும். மற்ற ஸ்டாம்புகளில் அந்த வரிகள் கிடையாது. பட்டாளத்து ஸ்டாம்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். இந்தியா படமே போட்டிருக்கிறது, அப்புறம் அவன் இந்தியாவில் இல்லாமல் வேறெங்கே இருப்பான் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம்.

இப்போது மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. தியாகதுருகத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தபால்தலை சேர்ப்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். மதராசிலிருந்து தபால்தலைப் பத்திரிகை ஒன்று வரவழைப்பார். ஆல்பத்தை வீட்டில் வைத்தால் எலி பசையைத் தின்றுவிடும் என்று பயந்து, எங்கே போனாலும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே போவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை அந்தக் கம்பியிலிருந்து சித்தப்பாவின் உறைகளை உருவுவது. உலை கொதிக்கிற பானைக்கு மேலே உறையைப் பிடித்து, பசை இளகியதும் நகத்தால் மெல்ல நெம்பித் தலையை எடுத்து, ஆல்பத்தின் பக்கத்துக்குள் வைப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற தாயின் முகம். சோறு குழைந்து போகிறது என்று அம்மா கத்துவது அவர் காதில் விழாது. தலை இருந்த இடத்தில் வெளுத்த சதுரத்தோடு உறை திரும்பக் கம்பிக்குப் போகும்.

ஒரு தடவை மாமா ஏழெட்டு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. மண்டியில் வேலை ஜாஸ்தி. அதற்குள்தான் இந்தி வேண்டாம் என்று ஊரெல்லாம் பையன்கள் தார் வாளியோடு கிளம்பினார்கள். கள்ளக்குறிச்சியில் கடைகளை அடைத்தார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அங்கங்கே சுட்டதில் பையன்கள் செத்ததாகச் செய்தி வந்தது. அம்மா அண்ணனை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அப்பா வண்டிச் சாட்டையை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு அழுகை அழுகையாக வந்தது. தன் வயதுப் பையன்களெல்லாம் ரயில் நிலையப் பலகைக்குத் தார் பூசும்போது தான் மட்டும் வீட்டில் கிடக்கிறோமே என்ற வெட்கம்.

வெளியே போக முடியாதவன் வீட்டுக்குள் பார்த்தான். வீட்டில் இந்தி எங்கே இருக்கிறது? கம்பியில் இருந்தது. டிராயிங் வகுப்புக்கு வாங்கிய கறுப்பு மையையும் தூரிகையையும் எடுத்தான். சித்தப்பாவின் உறைகளில் தலை இருந்தவற்றை மட்டும் உருவி, ஒவ்வொன்றிலும் அந்த மூன்று வரியின் மேல் கோடு பிசகாமல் மை பூசினான். அவனுக்குக் கை சுத்தம். காய வைத்து, திரும்பக் கம்பியில் குத்திவிட்டான். அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கலவரம் ஓய்ந்து, சித்தப்பாவின் அடுத்த கடிதம் வருவதற்குள் ஒரு காலையில் நைனார்பாளையத்திலிருந்து சித்தியின் அப்பா வந்தார். அவரோடு அவர் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். எங்கள் ஊர் நாட்டாண்மைக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். அம்மா மோர் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. அதைப் பார்த்ததுமே அம்மா, சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி, அப்படியே தியாகதுருகம் போய்த் தன் தம்பியைக் கூட்டிவரச் சொன்னாள். பிறந்த வீட்டு ஆள் ஒருத்தராவது பக்கத்தில் இருக்கட்டும் என்று அவளுக்கு.

சித்தியின் அப்பா முதலில் பணிவாகத்தான் ஆரம்பித்தார். "எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா, சொல்லுங்க சம்மந்தி. கல்யாணமாகி ரெண்டு பொங்கல் பூட்ச்சி. சீனாக்காரன் சண்டைக்குப் போனவனுங்களே லீவுல வந்துட்டுப் போறானுங்க. ரயில் ஏறி வர்றதுக்கு இவருக்கு மட்டும் இன்னா நோவு?" பிறகு குரல் தடித்தது. மாப்பிள்ளை அங்கே வேறு யாரையோ சேர்த்துக்கொண்டு இருக்கிறார் என்று அவர் ஊரில் பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு அவரால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பெண்ணை இப்படி அந்தரத்தில் விட்டு வைப்பதை விடத் தீர்த்துக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறார்.

தீர்ப்பது என்றால் எங்களவர்களுக்குள் பெரிய சிக்கல் இல்லை. ஊர்ப் பெரியவர் நடுவில் உட்கார்ந்து, ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போடுவார். அதோடு அந்தக் கல்யாணம் முடிந்தது. பெண் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு அப்பன் வீட்டுக்குப் போகலாம். நாட்டாண்மைக்காரர் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். சித்தி போய்விடுவாள். எனக்கு யார் தலை வாருவார்கள் என்பதுதான் என் கவலை. கேட்டால் சிரிப்பீர்கள், எட்டு வயதில் அதைவிடப் பெரிய கவலை எனக்கு இருக்கவில்லை.

சித்தி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

"எந் தம்பி அப்பிடிப்பட்டவன் இல்லிங்க," என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. மாட்டோடு பேசிப் பழகிய மனிதர்.

"நீ சொல்ற. அத்தாட்சி இன்னா வச்சிகினு இருக்க?" என்றார் நாட்டாண்மைக்காரர்.

அப்பா யோசித்துவிட்டு, கம்பியில் இருக்கும் கடிதங்களைக் கொண்டு வரும்படி அண்ணனிடம் சொன்னார். மாதம் தவறாமல் எழுதுகிறவன் எப்படி வேறொருத்தியோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. அண்ணன் முகம் வெளிறிப் போனது. அவன் கம்பியோடு கொண்டுவந்து கொடுத்ததை நாட்டாண்மைக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். பாதி உறைகளில் தலையே இல்லை. மீதியில் தலை மேல் கறுப்பு மை.

சித்தியின் அப்பா ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஊரு பேர மை வச்சி மறைச்சிருக்கீங்களா? அவன் இருக்கற எடம் எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா? அப்ப நீங்க எல்லாரும் சேந்துதானே எம் பொண்ண ஏமாத்திகினு இருக்கீங்க!"

அண்ணன் அழுதுகொண்டே, தான்தான் பூசினேன், அது இந்தி என்பதால் பூசினேன் என்றான். கூட வந்த பெரியவர்களில் ஒருவர், பெரியவர்கள் செய்ததைச் சின்னப் பையன் தலையில் கட்டுகிறார்கள் என்றார். நாட்டாண்மைக்காரர் பெருமூச்சு விட்டார். அவர் கையில் துரும்பு இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தம்பியை மட்டுமல்ல, இப்போது தன்னையும் திருடனாக்கிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

பேச்சு இழுத்து, பொழுது உச்சிக்கு ஏறிய அந்த நேரத்துக்கு மாமா வந்து இறங்கினார். வெயிலில் வந்தவருக்கு மூச்சு வாங்கியது, தோளில் பை. என்ன ஏது என்று யாரையும் கேட்கவில்லை. அவர் கண் நேராகச் சித்தியின் அப்பா கையில் இருந்த உறைக்குப் போனது. இரண்டே எட்டில் கொட்டகைக்குள் வந்து அதைப் பிடுங்கினார். அவர் போட்ட சத்தத்தில் மாடு கட்டுத்தறியில் துள்ளியது.

"அடப்பாவி! எவன்டா பண்ணது? லாவோஸ்டா இது! லாவோஸ் ஸ்டாம்பு! மெட்ராஸ்ல ஒருத்தன்கிட்ட கூட இல்ல, இதுல போய் மைய பூசி வச்சிருக்கியே!"

தலையிலடித்துக்கொண்டார். அடுத்த உறையை எடுத்தார், அதிலும் மை. அதற்கடுத்ததிலும் மை. நாட்டாண்மைக்காரர்தான் கேட்டார்.

"லாவோஸ்னா இன்னா?"

"ஊருங்க. ஊரு இன்னா, தேசம். பர்மா தாண்டி, சயாம் தாண்டி. அங்கதானே பட்டாளத்துச் சின்ன மாமா இருக்காரு?"

எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, இது எங்களுக்குத் தெரியாது என்று.

பிறகு அவர் சொன்னதை நான் இப்போது என் படிப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தோசீனாவில் சண்டை நின்றபோது, ஒப்பந்தப்படி எல்லோரும் நடக்கிறார்களா என்று பார்க்க ஒரு சர்வதேசக் குழுவைப் போட்டார்கள். அதற்குக் காவலுக்கும் தந்தி வேலைக்கும் நம் பட்டாளத்திலிருந்து ஆட்கள் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுத நம் நாட்டுத் தலைகளையே அனுப்பினார்கள், மேலே குழுவின் பேரையும் போய் இருக்கிற நாட்டின் பேரையும் இந்தியில் அச்சடித்து. சித்தப்பா எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை அரசாங்கமே ஒவ்வொரு உறையின் மேலும் அச்சிட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

சித்தியின் அப்பா அவ்வளவு லேசில் மசியவில்லை. பெண்ணைப் பெற்றவர், பொய் சொல்லி ஏமாற்றப்பட்டதாக ஒரு முறை நினைத்துவிட்டவர். மை பூசினதில் என்ன எழுதியிருந்தது என்று யார் கண்டது என்றார். மாமா பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து, மை படாத பழைய தலைகளைக் காட்டினார். மதராஸ் பத்திரிகையில் அதே தலையின் படம் இருந்தது. கீழே இங்கிலீஷில் போட்டிருந்ததை அண்ணன் விக்கி விக்கி வாசித்தான். அதற்கும் அவர் தலையாட்டவில்லை. "இது நீ வெலைக்கு வாங்கினதா இருக்கலாம். எம் மருமகன் கடுதாசில வந்ததுன்னு இன்னா நிச்சியம்?" என்றார்.

சரியான கேள்வி. இன்றைக்கு எந்தக் கண்காட்சி நடுவரும் அதைத்தான் கேட்பார். உறையை விட்டு வந்துவிட்ட தலையால் தான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்ல முடியாது. மாமா ஆவியில் காட்டிப் பிரித்த அத்தனையும் இப்போது அவருக்கே எதிராக நின்றது. சட்டென்று அவர் கம்பியிலிருந்த தலையில்லாத உறைகளைத் தரையில் பரப்பினார்.

முத்திரை குத்தும்போது பாதி வட்டம் தலை மேலும் பாதி வட்டம் உறை மேலும் விழும். தலையை எடுத்த பிறகும் உறையில் அந்தப் பாதி இருக்கும். மாமா ஒரு தலையை எடுத்து ஒரு வெளுத்த சதுரத்தில் வைத்தார். பொருந்தவில்லை, கோடு இடித்தது. வேறொன்றை வைத்தார். அதுவும் இல்லை. அவர் நெற்றியில் வேர்வை ஓடியது. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக ஒரு சிவப்புத் தலையை வைத்து விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். உடைந்த வளையல் துண்டுகள் சேர்வதைப் போல வட்டம் கூடியது. பாதியில் நின்ற எண் முழுசானது, பாதியில் நின்ற தேதி முழுசானது. அடுத்த உறைக்கு அடுத்த தலை. அதுவும் கூடியது.

நாட்டாண்மைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து, கூடிய வட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவருக்கு அது போதுமாக இருந்தது. "செரியா பூட்ச்சி," என்றார். "இதுக்கு மேல இன்னா அத்தாட்சி?" கையிலிருந்த துரும்பை மாட்டுத் தொட்டியில் போட்டார்.

சித்தியின் அப்பா தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாகப் பேசிவிட்டேன் சம்மந்தி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அப்பாவும் அழுதார். ஆம்பளைகள் அழுவதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அண்ணன் தன் பூகோளப் புத்தகத்தைக் கொண்டுவந்து பர்மா, சயாம் என்று விரலை நகர்த்தி, லாவோஸைத் தொட்டுக் காட்டினான். நிலைப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தாள். "நடுவுல கடலா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான் அண்ணன். அந்தப் பஞ்சாயத்து முழுக்க அவள் பேசியது அது ஒன்றுதான்.

அம்மாவுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தம்பியை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "ரெண்டு வருசமா தெரிஞ்சிகினு வாய மூடிகினு இருந்தியாடா? இந்தப் பொண்ணு தெனம் தெனம் செத்துக்கினு இருந்தாளே, உங் கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?"

"யாரும் கேக்கலியே அக்கா," என்றார் மாமா.

உண்மை அது மட்டும் இல்லை. அரிய தலை என்று எங்களுக்குத் தெரிந்தால் எங்கே தராமல் போய்விடுவோமோ, வேறு யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சேகரிப்பவர்களுக்கு எல்லோருக்கும் உள்ள நோய் அது. எனக்கும் உண்டு. அம்மா அன்றைக்கு எல்லோருக்கும் வடை பாயசத்தோடு இலை போட்டாள், மாமாவுக்கு மட்டும் பழைய சோறு. அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே மை பூசிய தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்கலங்கினார்.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கடல் தாண்டிப் போயிருக்கிறேன் என்றால் வீட்டில் பயப்படுவார்கள், மேலதிகாரியும் இடத்தை எழுதாதே என்றார், அதனால் வடக்கே என்று எழுதினேன் என்று பின்னால் வந்தபோது சொன்னார். வந்தவர் சித்தியை நன்றாகவே வைத்துக்கொண்டார். வீடு கட்டினார், பிள்ளைகள் பிறந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தியும் யாரிடமும் குறை சொன்னதில்லை.

அன்று சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கிளம்பினார்கள். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட சித்தியும் நானும் ரோடு வரைக்கும் போனோம். பெரியவர்கள் முன்னால் நடக்க, சித்தியின் அப்பா மகளோடு பின்தங்கி வந்தார். அம்மா கொடுத்த புளி மூட்டையைத் தோளில் வைத்திருந்தார். காலையில் வந்தபோது இருந்த முகம் இப்போது இல்லை, பத்து வயது குறைந்தவரைப் போல நடந்தார். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள்.

"எப்பா, டீச்சர் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தியே," என்றாள். "பதில் வந்துச்சா?"

"வந்துச்சி. எடம் இருக்குது, ஹாஸ்டல்ல சேத்துக்கறோம், வரச் சொல்லுங்கன்னுதான் வந்துச்சி. உன்ன நேரா அங்க கொண்டு போய் வுட்டுடலாம்னு பொட்டி சட்டியெல்லாம் வாங்கி வச்சிட்டேன், போ." அவர் சிரித்தார். "இனிமே அது இன்னாத்துக்கு? வேணாம்னு எழுதிப் போட்டுர்றேன். கடவுள் நம்மள காப்பாத்திட்டாரும்மா. ராஜாவாட்டம் வூட்டுக்காரன் இருக்கான், நீ தலைய நிமித்திகினு இரு."

சித்தி தலையாட்டினாள். பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். பஸ் போய், புழுதி அடங்கி, ரோடு வெறிச்சென்று ஆன பிறகும் சித்தி அங்கேயே நின்றாள். கள்ளக்குறிச்சிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் வலித்தது.

"சித்தி, நீ இனிமே எங்கியும் போவமாட்ட இல்ல?" என்று கேட்டேன்.

"போவமாட்டேன்டி," என்றாள். "இனிமே எங்க போறது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையை உதறிவிட்டு ஓட்டமாக ஓடினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சிரைக்க நின்று, சித்தி இனிமேல் எங்கேயும் போக மாட்டாளாம் என்று சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். தெருவில் இறங்கி, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.